முதல் ப்ராங்ஹார்ன் வேட்டை: கிளம்பறதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய முடிவுகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோட்ல போற போக்குல "அக்டோபர்ல வேட்டைக்குப் போறேன்"னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி "எப்படிப் போறீங்க ப்ரோ?", மீதி பாதி "ஏன் போறீங்க?". இன்னிக்கு ரெண்டுக்கும் பதில் சொல்லப் பாக்கறேன். நான் இன்னும் போகலை. அதனால இது வேட்டைக் கதை இல்லை. முழுக்க பிளானிங்.

விஷயம் இதுதான். நான் இருக்கறது மினியாபொலிஸ்ல. ஜூன் மாசம் வயோமிங் மாநிலத்தோட குலுக்கல்ல எனக்கு ஒரு ப்ராங்ஹார்ன் டேக் விழுந்தது. டேக்னா ஒரே ஒரு மிருகத்துக்கான அனுமதி. எந்த ஏரியா, எந்தத் தேதி, ஆணா பெண்ணான்னு எல்லாம் அதுலயே இருக்கும். எனக்குக் கிடைச்சது பெண் மான் டேக், ஜில்லெட் ஊருக்குப் பக்கத்துல. சவுத் டகோட்டாவை முழுசா தாண்டி, கிட்டத்தட்ட 11 மணி நேர டிரைவ்.

யார் இந்த ப்ராங்ஹார்ன்?

அமெரிக்காவுல எல்லாரும் இதை "ஆன்டிலோப்"னுதான் கூப்பிடுவாங்க. ஆனா இது உண்மையான ஆன்டிலோப் இல்லை. இதோட குடும்பத்துல இன்னிக்கு மிச்சம் இருக்கற ஒரே உயிரினம் இதுதான். உயிரோட இருக்கற நெருங்கின சொந்தம்னு பாத்தா, ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும்.

ஓட்டம் மணிக்கு 85, 90 கிலோமீட்டர் வரைக்கும் போகும். இன்னிக்கு அங்க இருக்கற ஓநாய், கொயோட்டி எதுவுமே அந்த வேகத்துக்குப் பக்கத்துல கூட வராது. அப்புறம் எதுக்கு இவ்வளவு வேகம்? ஜான் பையர்ஸ்னு ஒரு உயிரியலாளர், 1997ல வந்த தன் புத்தகத்துல ஒரு விளக்கம் சொல்றார். சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன அமெரிக்கச் சிவிங்கிப்புலி மாதிரியான மிருகங்ககிட்ட இருந்து தப்பிக்க வந்த வேகம் இது. துரத்தினது போயிடுச்சு, ஓட்டம் மட்டும் மிச்சம்.

கிண்டியிலயோ கோடியக்கரையிலயோ வெளிமான் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். அதுவும் திறந்தவெளியில ஓடற மிருகம். அதைத் துரத்தின சிவிங்கிப்புலி இந்தியாவுல அழிஞ்சுபோச்சுன்னு 1952ல அரசே அறிவிச்சது. ஒரு பெரிய வித்தியாசம்: வெளிமான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முழுப் பாதுகாப்புல இருக்கு, அதை வேட்டையாடறது குற்றம். ப்ராங்ஹார்ன் அப்படி இல்லை. 1920கள்ல வெறும் சில பத்தாயிரமா குறைஞ்சுபோய், வேட்டைத் தடை, கட்டுப்பாடுன்னு பல வருஷம் பாத்துப் பாத்து மீட்டெடுத்த மிருகம். துப்பாக்கி, தோட்டா விற்பனைக்கு ஒரு தனி வரி இருக்கு. 1937ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குத்தான் போகுது.

இன்னிக்கு உலகத்துல இருக்கற ப்ராங்ஹார்ன்ல பாதிக்குக் கிட்ட வயோமிங்லதான். ஆனா 2022-23 குளிர்காலத்துல அங்க ஏகப்பட்டது செத்துப்போச்சு. அடுத்த சீசனுக்கு டேக் எண்ணிக்கையை ஆயிரக்கணக்குல குறைச்சாங்க. அதனால "போன வருஷம் ஈஸியா கிடைச்சுது"ன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. ஒவ்வொரு வருஷமும் அந்த ஏரியாவோட எண்ணிக்கையைப் புதுசா பாக்கணும்.

டேக் ஈஸி, நிலம் கஷ்டம்

வெளிமாநிலக்காரங்களுக்கு விண்ணப்பக் கடைசித் தேதி ஜூன் தொடக்கம். கொம்புள்ள ஆணுக்கான சாதாரண டேக் 300 டாலருக்கு மேல. அதுல 75 சதவீதம், வருஷா வருஷம் பணம் கட்டி பாயிண்ட் சேத்தவங்களுக்கு, அதிகப் பாயிண்ட் வரிசையில போகும். மீதி 25 சதவீதம்தான் சுத்தமான குலுக்கல். பெண் மான் டேக்குக்குப் பாயிண்டே கிடையாது, விலையும் 34 டாலர்தான், விண்ணப்பக் கட்டணம் தனி. எனக்குச் சுவத்துல மாட்ட கொம்பு வேண்டாம், கறி போதும். அதனால அந்த முடிவு எடுக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகலை.

ஆனா ஒரு டேக் சுலபமா கிடைக்குதுன்னா, ஏன்னு கேக்கணும். வயோமிங்கோட வடகிழக்குல மான் நிறைய, பொது நிலம் கம்மி. பெரும்பாலும் தனியார் பண்ணை. நடுவுலயும் தெற்குலயும் பொது நிலம் நிறைய, ஆனா டேக் கிடைக்க வருஷக்கணக்கா காத்திருக்கணும். நான் தேர்ந்தெடுத்த ஏரியாவுல தண்டர் பேசின் தேசியப் புல்வெளி வருது. 5 லட்சம் ஏக்கருக்கு மேல பொது நிலம், ஆனா ஒட்டுப்போட்ட துணி மாதிரி நடுநடுவுல தனியார் நிலம். வயோமிங்ல வேலி இல்லை, போர்டு இல்லைங்கறது சாக்கு ஆகாது. அனுமதி இல்லாம தனியார் நிலத்துல வேட்டையாடினா தப்பு உங்க பேர்லதான்.

அதனால ஓனெக்ஸ் மாதிரி நில எல்லை காட்டற ஆப் கட்டாயம். மேப்பை வீட்டுலயே டவுன்லோட் பண்ணிடுங்க, அங்க சிக்னல் இருக்காது. மாநிலமே பண்ணையாளர்களோட ஒப்பந்தம் போட்டு, "அக்சஸ் யெஸ்" திட்டத்துல சில தனியார் நிலங்களைத் திறந்துவிடுது, அதையும் மேப்ல குறிச்சுக்கங்க.

இன்னொரு விஷயம். ரயில் பாதை போடறதுக்காக 19ஆம் நூற்றாண்டுல நிலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி ஒண்ணுவிட்டு ஒண்ணு ரயில் கம்பெனிக்குக் கொடுத்தாங்க. தெற்கு வயோமிங்ல இன்னிக்கும் அதே கட்டம்தான். ரெண்டு பொதுக் கட்டம் மூலையில தொட்டுக்கும்போது, அந்த மூலையைத் தாண்டலாமா? மிசௌரியில இருந்து வந்த நாலு வேட்டைக்காரங்க ஒரு ஏணி வெச்சுத் தாண்டி, கோர்ட்டு வரைக்கும் போச்சு. 2022ல ஜூரி விடுதலை பண்ணுச்சு. 2025 மார்ச்ல 10ஆவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டும் அவங்க பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. இருந்தாலும் முதல் டிரிப்புக்கு என் விதி சிம்பிள்: பொது ரோட்டுல இருந்து நேரா நடந்து போக முடியற நிலம் மட்டும்.

விசாவுல இருக்கறவங்க கவனிங்க

எச்-1பி, எஃப்-1 மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கறது மத்திய சட்டப்படி குற்றம். சில விதிவிலக்கு உண்டு. அதுல ஒண்ணு, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ். அதனால வரிசை ரொம்ப முக்கியம்: முதல்ல லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. லைசென்ஸ் காலாவதி ஆச்சுன்னா விலக்கும் போச்சு. ஃப்ரெண்டோட துப்பாக்கியை "சும்மா ஒரு தடவை" சுட்டுப் பாக்கறதும் இதுல வரும். நான் வக்கீல் இல்லை. உங்க கேஸுக்கு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க.

அதோட, 1966 ஜனவரி 1 அல்லது அதுக்குப் பிறகு பிறந்தவங்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேணும். நான் மினசோட்டாவுலயே முடிச்சேன், அது அங்கயும் செல்லும். ஃப்ளோரசன்ட் ஆரஞ்சோ பிங்க்கோ வெளிய தெரியற மாதிரி போடணும்.

அம்மா கேட்ட கேள்வி

இப்போ "ஏன்?"ங்கறதுக்கு வரேன். திருப்பூர்ல இருந்து அம்மா போன்ல கேட்டாங்க: "ஏங்கண்ணு, கடைல கறி கெடைக்காமயா இருக்குது? இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போயி ஒரு உசுரக் கொல்லோணும்?"

நான் சொன்னேன்: "கடைக்கறியும் யாரோ கொன்னதுதானம்மா. அந்த வேலையை வாழ்க்கைல ஒரு தடவையாவது நானே செஞ்சு பாக்கணும்னு இருக்கு. அது முடியலைன்னா கறி திங்கறதைப் பத்தியே யோசிக்கணும்ல?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "அது செரி. அதுக்குக் குட்டி இருந்துச்சுன்னா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ப்ராங்ஹார்ன் மே கடைசி, ஜூன்ல குட்டி போடும், பெரும்பாலும் ரெட்டை. அக்டோபர்ல அந்தக் குட்டிங்க பால் மறந்து, கூட்டத்தோட சேர்ந்து தானா மேயும். பெண் மான் டேக் கொடுக்கறதே அந்த ஏரியாவுல எண்ணிக்கையைக் கட்டுக்குள்ள வைக்கத்தான். ஆணைச் சுட்டா அடுத்த வருஷக் குட்டி எண்ணிக்கை பெருசா மாறாது. இதெல்லாம் சரியான பதில்தான். ஆனா அம்மா கேட்டது எண்ணிக்கையைப் பத்தி இல்லைன்னு எனக்குத் தெரியும். அதனால ரெண்டு முடிவு எடுத்தேன். செப்டம்பர் வேண்டாம், சீசனோட கடைசி வாரத்துல போறேன். பக்கத்துல சின்னதா ஒரு குட்டி ஒட்டிக்கிட்டே நின்னா, அந்த மான் எனக்கு இல்லை.

வீட்டுலயே எழுதி வெச்ச விதிகள்

என் டீம்ல நார்த் டகோட்டாவுல வளர்ந்த ஒரு பெரியவர் இருக்கார். அவர் சொன்ன ஒரே அட்வைஸ், எப்போ சுடக்கூடாதுங்கறதை வீட்டுலயே முடிவு பண்ணிட்டு வாங்கறதுதான். 11 மணி நேரம் டிரைவ் பண்ணி, மூணு நாள் காத்துல நடந்து, கடைசி சாயங்காலம் ஒரு மான் 350 கஜத்துல நிக்கும்போது, உங்க மூளை எதையும் நியாயப்படுத்தும்னார்.

அதனால ஆகஸ்ட் முழுக்க ரேஞ்சுல அளந்தேன். ப்ராங்ஹார்னோட நெஞ்சுல உயிர்நிலை இருக்கற இடம் சுமார் 8 அங்குலம், ஒரு பேப்பர் பிளேட் அளவு. படுத்து இல்லை, உக்காந்து, குச்சி ஸ்டாண்டுல ரைஃபிளைச் சாய்ச்சு சுட்டேன். 100 கஜத்துல பத்துக்குப் பத்து. 200ல பத்துக்கு ஒன்பது. 300ல ஆறு. மீதி நாலு குண்டு எங்க போயிருக்கும்னு யோசிங்க. கால்ல, வயித்துல. அந்த வேகத்துல ஓடற மிருகம் அடிபட்டு ஓடினா, நம்மால பிடிக்கவே முடியாது.

என் நோட்ல இருக்கறது இதுதான். 200 கஜத்துக்கு மேல கிடையாது. காத்து பலமா இருந்தா 150. ஓடற மான் கிடையாது. பின்னாடி இன்னொரு மான் நின்னா கிடையாது. வண்டியில இருந்தோ ரோட்டுல இருந்தோ கிடையாது, அது சட்டமும் கூட. பகல் 25 டிகிரி தாண்டினா காலையில மட்டும்.

கடைசி விதி கறிக்காக. ப்ராங்ஹார்ன் கறி நாறும்னு நிறைய பேர் சொல்வாங்க. பெரும்பாலும் அது சூட்டுல கறியைப் போட்டு வெச்சதால வர்ற பிரச்சினை. உடனே தோலுரிச்சு, துண்டு போட்டு, ஐஸ் பெட்டிக்குள்ள போயிடணும். நான் தண்ணி பாட்டிலை உறைய வெச்சு ரெண்டு பெட்டி நிறைய எடுத்துட்டுப் போறேன். எலும்பு நீக்கினா 15 கிலோ சுமாருக்குக் கறி வரும். சாப்பிடக்கூடிய கறியை அங்கயே விட்டுட்டு வர்றது வயோமிங்ல குற்றம்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். நல்ல பைனாகுலர், ரெண்டு ஸ்பேர் டயர், ஒரு ஜோடி முழங்கால் பேட். கண்ணு ரொம்பக் கூர்மையான மிருகம், அதனால பள்ளத்துல தவழ்ந்துதான் கிட்ட போகணும். அந்தத் தரையில சப்பாத்திக்கள்ளி இருக்கு, நம்ம ஊர் ஞாபகம் முழங்கால்ல குத்தும்.

நவம்பர்ல வந்து என்ன ஆச்சுன்னு சொல்றேன். டேக் காலியா திரும்பி வந்தாலும் எபிசோட் உண்டு. 200 கஜத்துக்குள்ள ஒண்ணுகூட வரலைன்னா, 15 கிலோ ஐஸோட வீடு திரும்பினதைப் பத்திப் பேசுவோம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. வர்றேன் மக்களே.