நரம்பணுவின் கழிவும் தங்கவயலின் மேடும்

கோலார் தங்கவயலை விட்டுப் பிழைப்புக்காக வெளியூர் சென்ற நம்மவர்க்கு, ஊர் என்றதும் கண்முன் வருவது தங்கம் அன்று, சயனைடு மேடுகளே. சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே உடைத்த பாறையை மேலேற்றி, ஆலையில் பொடித்து, சயனைடு நீரால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மணல் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது; மணல் அங்கேயே நிற்கிறது. காற்று வீசினால் நம் வீட்டு முற்றத்துக்கும் வருகிறது.

நம் நரம்பணுவுக்கும் இதே தொல்லை உண்டு. இடுப்பருகே தண்டுவடத்திலுள்ள ஓர் அணுவின் இழை கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கிறது. அதன் நுனியில் பழுதடைந்த புரதங்களை ஓர் உறைப்பை சூழ்ந்துகொள்ளும். டைனீன் என்னும் புரதம் அப்பையைச் சுமந்து, நுண்குழாய்களாலான தண்டவாளத்தின்மீது அணுவின் உடலை நோக்கி நடக்கும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களில் கண்ட வேகம் நாளொன்றுக்கு 4 சென்டிமீட்டர் அளவுதான். அக்கணக்கில் கால்விரலிலிருந்து மேலே வர மூன்று வாரத்துக்கு மேலாகும்! வழியிலேயே லைசோசோம்கள் பையோடு கலந்து, கழிவைச் செரிக்கத் தொடங்கிவிடுகின்றன. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1955-இல் பெயரிட்ட நுண்பைகள் இவை. செரித்ததில் கிடைக்கும் அமினோ அமிலங்கள் மீண்டும் புதுப் புரதமாகின்றன. நம் ஆலைகளுக்கு இக்கலை வாய்க்கவில்லை.

ஆயினும் நரம்பணுவும் முற்றிலும் தப்புவதில்லை. பிரியும் அணுக்கள் குப்பையைச் சேய் அணுக்களுக்குப் பங்கிட்டுவிடும், நரம்பணுவோ பிரிவதில்லை. செரியாத மிச்சம் லிப்போஃபசின் என்னும் பழுப்புப் படிவாக வயதோடு சேர்கிறது. அல்சைமர் நோயாளரின் மூளையில், பாதி செரித்த பைகள் தேங்கி நரம்பிழைகள் வீங்கியிருப்பதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். சுரங்கத்தில் இறங்கிய தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் பெற்ற பிள்ளையின் பெயரை மறக்கும்போது, நாம் அவர்மீது எரிந்து விழுகிறோம்.

மும்பையில் வாழும் நேயர்கள் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை அறிவார்கள். 1960-களில் நியூட்ரினோவைத் தேடி நம் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை இறக்கிய நிறுவனம் அதுவே. இன்று அங்கே சந்தியா கௌஷிகாவின் குழுவினர், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஒரு மில்லிமீட்டர்ப் புழுவின் நரம்பில் சரக்குப் பைகள் ஓடுவதை உயிரோடு பார்க்கிறார்கள். சில இடங்களில் பைகள் நெரிசலில் நின்றுவிடுகின்றன. பிறகு, தாமே மீண்டும் நகர்கின்றன.