காருக்குப் பிணவண்டி வேஷம்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் பிணவண்டியாகும். பெயரைச் சொன்ன உடனேயே சிலர் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகின்றது. "விளக்கு வைத்த நேரத்தில் இந்தப் பேச்சா?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பதும் காதில் விழுகின்றது. பெரியவர் கோபிக்க வேண்டாம். அந்த முகச் சுளிப்பைப் பற்றிப் பேசத்தான் நாம் வந்திருக்கிறோம்.

அமெரிக்காவில் சிலருக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு உண்டு. பெண்டு பிள்ளைகளும் மூட்டை முடிச்சும் ஏறிப் போவதற்கென்று பின்பக்கம் நீளமாய்ச் செய்த ஸ்டேஷன் வேகன் என்னும் குடும்பக் காரில் பழையது ஒன்றை வாங்கி, அதைப் பிணவண்டி மாதிரி மாற்றி ஓட்டிக் கொண்டு போவார்கள். இதற்கு வேண்டியது என்ன? காருக்குக் கறுப்புச் சாயம் அடிக்க வேண்டும். கூரைமேல் தோல் போலத் தோன்றும் வினைல் சீலையை ஒட்ட வேண்டும். பின் ஜன்னலுக்குத் திரை போட வேண்டும். இருபுறமும் பாம்பு நெளிந்தாற்போல் ஒரு பளபளப்பான கம்பியைத் திருகாணி போட்டு முடுக்க வேண்டும். இவ்வளவே. எஞ்சின் அதேதான், சக்கரம் அதேதான். ஆனால் நேற்று அதில் ஏறிக் கடைக்குப் போன ஆள் இன்று கிட்டே வர யோசிப்பான்.

1971-ல் வந்த "ஹெரால்ட் அண்ட் மாட்" என்ற அமெரிக்க சினிமாவில் இதை வேடிக்கையாய்க் காட்டியிருக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் பிணவண்டி ஓட்டித் திரிகிறான். தாயார் மானம் போகிறதென்று அதை அப்புறப்படுத்திவிட்டு, அழகான ஜாகுவார் கார் ஒன்றைக் கொடுக்கிறாள். பிள்ளையாண்டான் என்ன செய்தான்? அந்த ஜாகுவாரையே பிணவண்டியாக்கி விட்டான்! தாயார் விலக்கியது வண்டியைத்தான்; வேஷம் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதை அவள் எண்ணவில்லை.

நிற்க, அந்த நெளிந்த கம்பிக்கு லாண்டோ கம்பி என்று பெயர். அக்காலத்துக் குதிரைக் கோச்சில் தோல் கூடாரத்தை மடக்கவும் நிமிர்த்தவும் அது பயன்பட்டது. இன்றைய காரின் இரும்புக் கூரை மடங்குமா? மடங்காது. ஆகவே அந்தக் கம்பிக்கு வேலையே கிடையாது. வேலை போன பிறகும் மரியாதை மாத்திரம் போகவில்லை! நம்மூரில் இப்படி வேலையில்லாமல் மரியாதை மட்டும் வாங்கும் சின்னங்கள் எவையெவை என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

"அது விளையாட்டுக்குச் செய்கிற போலி, நிஜப் பிணவண்டி வேறல்லவா?" என்று கேட்கலாம். நிஜத்தின் பிறப்பும் இப்படித்தான். 1909-ல் சிக்காகோ நகரில் ஓடிய பழைய மோட்டார் பிணவண்டி, ஒரு பஸ்ஸின் அடிச்சட்டத்தின்மேல் குதிரைப் பிணவண்டியின் கூட்டைத் தூக்கி வைத்துச் செய்ததாகும். பின்னாளில் ஒஹையோ மாகாணத்துக் கம்பெனிகள் காடிலாக் முதலிய கார்களின் நீண்ட அடிச்சட்டத்தை வாங்கி, மேலே கூடு கட்டி, உள்ளே பெட்டி உருண்டு போக உருளைகள் வைத்து விற்றன.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று சொல்லுகிறோம். அந்நாட்டில் வெகு காலம் பிணவண்டிக்காரர்களே ஆம்புலன்ஸும் நடத்தி வந்தார்கள். 1966-ல் அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தார் வெளியிட்ட அறிக்கையில், நாட்டின் ஆம்புலன்ஸ் வேலையில் சுமார் பாதியை, ஈமக்கிரியைத் தொழில் செய்யும் 12,000 பேர் செய்வதாகக் கண்டிருக்கிறது. பல ஊர்களில் வண்டியும் ஒன்றே. கூரைமேல் சிவப்பு விளக்கை வைத்தால் ஆம்புலன்ஸ்; எடுத்துவிட்டால் பிணவண்டி. காலையில் பிரசவ வேதனைப்பட்டவளைக் கொண்டுபோன வண்டி மாலையில் பிணத்தைக் கொண்டு போயிற்று. பிறந்த பிள்ளைக்குத் தோஷம் பற்றிற்றா? பிற்காலத்தில் அந்த முறை நின்றதற்குக் காரணம் தோஷமல்ல; ஆம்புலன்ஸில் வைத்தியம் செய்ய இடமும் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்று கண்டதேயாகும்.

கிழக்கேயும் பாருங்கள். ஜப்பானில் சாதாரணக் காரின் பின்பாகத்தில் கோயில் விமானம்போல் மரவேலை செய்து தங்கரேக்கு ஒட்டிய பிணவண்டிகள் உண்டு. அந்த வண்டி தெருவில் போனால் பிள்ளைகள் கட்டைவிரலைக் கைக்குள் மறைத்துக் கொள்வார்கள். ஏனெனில் அவர்கள் பாஷையில் கட்டைவிரலுக்குத் "தாய் தகப்பன் விரல்" என்று பெயர். மறைக்காவிட்டால் பெற்றோருக்கு ஆபத்தாம்! ரயிலும் காரும் செய்து உலகத்துக்கு விற்ற தேசத்திலேயே இந்தக் கதி என்றால், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை ஏது?

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாய் இருந்தால் நாம் உங்கள் பொழுதை வீணாக்க மாட்டோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் இறந்து போனாள். ஊர் 12 மைல் தூரம். அந்த மனிதன் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் கையில் பிடித்துக் கொண்டு வாசலில் நின்றான். நாமும் கூட இருந்தோம். ஒரு கார்க்காரர், "புது வண்டிங்க, ஆகாது" என்றார். இன்னொருவர், "அப்புறம் எவன் இதிலே சவாரி வருவான்?" என்றார். மூன்றாமவர் வாடகையைப்போல் நான்கு பங்கும், தீட்டுக் கழிக்கத் தனியாகவும் கேட்டார். கடைசியில் காய்கறி ஏற்றும் சின்ன லாரிக்காரத் தோழர் ஒருவர் வந்தார். "ஏத்துங்கண்ணே, நேத்து கத்தரிக்காயைச் சுமந்த வண்டி, இன்னிக்கு ஒரு அக்காவைச் சுமக்கட்டும்" என்றார். மறுநாள் வண்டியைக் கழுவிவிட்டு வழக்கம்போல் சந்தைக்குக் காய் ஏற்றிப் போனார். ஊரே வாங்கிச் சமைத்துத் தின்றது. அந்த மூன்று கார்க்காரர் வீட்டிலும் அன்று அந்தக் காய்தான் வெந்ததோ என்னவோ!

இறந்தவருக்கு மரியாதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தொற்று வியாதியில் இறந்தவர் விஷயத்தில் டாக்டர் சொல்லும் ஜாக்கிரதையும் அவசியம் வேண்டும். ஆனால் அந்த ஜாக்கிரதை கிருமிநாசினியிலும் சோப்பிலும் இருக்கின்றதே ஒழிய, எலுமிச்சம்பழத்தில் இல்லை.

ஆகவே தோழர்களே! நான்கு திருகாணியில் முடுக்கக் கூடிய பயம் நான்கு திருகாணியில் கழற்றவும் கூடியதே. உங்களில் கார், வேன் வைத்திருப்பவர்கள், ஏழை வீட்டுச் சாவுக்கு வண்டி கேட்டால் நாள், நட்சத்திரம், தோஷம் என்று சொல்லாமல், நியாயமான வாடகைக்கு அனுப்புவதாக இன்றே மனதில் உறுதி செய்து கொள்ளுங்கள். நாளைக்கு நம்மையும் ஏதோ ஒரு வண்டிதான் கொண்டு போகப் போகின்றது. அது என்ன நிறம் என்று அப்போது நாம் பார்க்கப் போவதில்லை.