உடைந்த குடையிலிருந்து பிறந்த புதுமைகள்



பிற்பகல் நான்கு மணி. கோலாலம்பூர் வானம் இருண்டு, ஐந்தே நிமிடங்களில் மழை கொட்டத் தொடங்குகிறது. எல்ஆர்டி நிலைய வாசலில் ஐம்பது பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒருவர் தைரியமாகக் குடையை விரித்துக்கொண்டு படியிறங்குகிறார். ஒரே ஒரு பலத்த காற்று! குடை மேல்நோக்கி மலர்ந்துவிடுகிறது. நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, கம்பி முறிந்த குடையைக் குப்பைத் தொட்டியில் செருகிவிட்டு நனைந்தபடி நடக்கிறார்.

இந்தக் காட்சியைப் பார்க்காதவர் நம் நாட்டில் இருக்க முடியாது. ஆனால் குப்பைத் தொட்டிக்குப் போகும் அந்தக் குடையை மீண்டும் எடுத்து, 'இது ஏன் உடைந்தது?' என்று கேட்டவர்கள் ஒரு சிலர்தான். அப்படிக் கேட்டவர்களே புதிய குடைகளை உருவாக்கியிருக்கிறார்கள். இன்றைய உரையின் கருப்பொருள் அதுதான்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பது நம்மவர்களின் பழமொழி. குடை என்பது முதலில் பெருமையின் சின்னமாகவே இருந்தது. தமிழ் மன்னர்களுக்கு வெண்கொற்றக் குடை. மலாய் அரசர்களுக்கு மஞ்சள் குடை. 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நமது தேசியப் பள்ளிவாசலின் கூரைகூட விரியும் குடையின் வடிவத்தில்தான் அமைந்திருக்கிறது. அதன் உயர்ந்த கோபுரம் மடக்கி வைத்த குடையைப் போன்றது.

அரசர் கையிலிருந்த பொருள் சாமானியர் கைக்கு வந்தபோதுதான் அதன் குறைகள் தெரிய ஆரம்பித்தன. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் குடைக்கம்பிகள் திமிங்கலத்தின் தாடைத் தகட்டால் செய்யப்பட்டன. கனம் அதிகம், நனைந்து காய்ந்தால் விரிசல் விடும். 1852இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் ஃபாக்ஸ், எஃகுக் கம்பியை 'யு' எழுத்தைப் போல் குழிவாக வளைத்துக் குடைச் சட்டம் செய்தார். தட்டையான கம்பியைவிட இது எடை குறைவு, வலிமை அதிகம். இன்று இரவுச் சந்தையில் வாங்கும் மலிவான குடையை விரித்து அதன் கம்பியைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் குழிவு விரலுக்குத் தட்டுப்படும்.

அடுத்த பெரிய மாற்றம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. முதலாம் உலகப் போரில் காயமுற்று, கைத்தடியின் துணையுடன் நடந்தவர் ஹான்ஸ் ஹாவ்ப்ட். ஒரு கையில் தடி, மறு கையில் நீண்ட குடை. கதவைத் திறக்க எந்தக் கை மிச்சம்? இந்தச் சிரமமே அவரைச் சிந்திக்க வைத்தது. 1920களின் இறுதியில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களைத் தண்டாகக் கொண்டு, பைக்குள் அடங்கும் குடையை அவர் உருவாக்கினார். 'கினிர்ப்ஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஜெர்மன் மொழியில் அதற்குப் பொடியன் என்று பொருள். இன்று ஒவ்வொரு பெண்மணியின் கைப்பையிலும் இருக்கும் மடக்குக் குடைக்குப் பின்னால், நடக்கச் சிரமப்பட்ட ஒருவரின் அன்றாட வேதனை இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குடையையும் கைத்தடியையும் ஒன்றாக்கினால் போதாதா என்று கேட்கலாம். அப்படிப்பட்ட குடைகளும் கடைகளில் உண்டு. ஆனால் மழை வந்து குடையை விரித்தவுடன் முதியவரின் ஊன்றுகோல் காணாமல் போய்விடுகிறது! தரை வழுக்கும் நேரத்தில்தானே அவருக்குத் தடி அதிகம் தேவை? இதனால்தான், தடிக்குள்ளிருந்து குடையைத் தனியே உருவி எடுக்கும் வகை பின்னர் வந்தது. ஒரு கையில் குடை விரிந்திருக்கும். மறு கையில் தடி அப்படியே இருக்கும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பது அவசியம். அடியில் ரப்பர் பூண் இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

காற்றைச் சமாளித்த கதை நெதர்லாந்தைச் சேர்ந்தது. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் கெர்வின் ஹூகன்டூர்ன், அடுத்தடுத்துக் குடைகள் உடைந்துபோன எரிச்சலில் ஒரு புதிய வடிவத்தை வரைந்தார். வட்டமான குடையில் தண்டு நடுவில் இருக்கும். இவருடைய குடையில் முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். காற்று வீசினால் குடை தானாகவே சாதகமான திசைக்குத் திரும்பும். காற்று மேலே வழுக்கிச் சென்றுவிடும். முதுகும் நனையாது. 2006இல் 'சென்ஸ்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது.

இன்னொரு வழியும் உண்டு. கோல்ஃப் விளையாடுவோர் பிடிக்கும் பெரிய குடைகளில் துணி இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே புகுந்த காற்று அடுக்குகளுக்கிடையே உள்ள இடைவெளி வழியாக வெளியேறிவிடும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கண்ணாடி இழைத் தண்டு கொண்ட குடையாக இருந்தாலும், இடி மின்னலின்போது திறந்த திடலில் அதைப் பிடித்து நிற்பது ஆபத்துதான். குடை நம் உயரத்தைக் கூட்டுகிறது. மின்னலுக்கு எந்தக் குடையும் கேடயமாகாது. கட்டடத்துக்குள் செல்வதே பாதுகாப்பு.

நேயர்களே, குடை பிடிப்பவரைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா? பக்கத்தில் நடப்பவரின் கண் என்னாவது? நியூசிலாந்துப் பொறியியலாளர் கிரேக் பிரெப்னர் உயரமானவர். லண்டன் வீதிகளில் மற்றவர்களின் குடைநுனிகள் அவருடைய முகத்துக்கு நேராகவே வந்தன. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 'பிளன்ட்' குடை. அதன் நுனிகள் கூர்மையின்றி உருண்டையாக இருக்கும். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பிரிட்டனின் ஜெனான் காசிம் என்பவர் குடையையே தலைகீழாக்கினார். மடக்கும்போது நனைந்த பக்கம் உள்ளே போய்விடும். காரில் ஏறும்போது இருக்கை நனையாது. கதவைச் சிறிதளவு திறந்தே மடக்கிக்கொள்ளலாம். 2015இல் பொதுமக்களிடம் இணையம் வழியாக நிதி திரட்டி அவர் இதை வெளியிட்டார். கார் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2001இல் வந்த ஸ்கோடா சூப்பர்ப் காரின் பின்கதவில் குடைக்கென்றே ஓர் அறை வைக்கப்பட்டது.

ஒளி ஊடுருவும் குடையை எடுத்துக்கொள்வோம். மறைந்த எலிசபெத் மகாராணியார் அதை விரும்பிப் பயன்படுத்தினார். மழையிலும் மக்கள் அவருடைய முகத்தைப் பார்க்க முடிந்தது. அரச குடும்பத்துக்கு ஏற்றது நமது பிள்ளைகளுக்கும் ஏற்றதே. கறுப்புக் குடையைத் தாழ்த்திப் பிடித்துச் சாலையைக் கடக்கும் சிறுவனுக்கு வரும் மோட்டார் சைக்கிள் தெரிவதில்லை. ஒளி ஊடுருவும் குடையில் தெரியும். விளிம்பில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டையும் இருந்தால், அந்தச் சிறுவன் ஓட்டுநரின் கண்ணுக்கும் தெரிவான்.

எல்லாப் புதுமையும் பயனுள்ளதா? அமெரிக்க நிறுவனம் ஒன்று, மழை வரும் என்றால் கைப்பிடியில் நீல விளக்கு எரியும் குடையை ஒரு காலத்தில் விற்றது. நம் ஊர்ப் பருவமழைக் காலத்தில் அந்த விளக்கு அணைந்திருக்கும் நாளைத்தான் தேட வேண்டியிருக்கும்! ஆனால் விளையாட்டு அம்சங்களை அடியோடு ஒதுக்கவும் முடியாது. கேரளத்தின் ஆலப்புழை நகரம் குடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடமும் மழையும் ஒன்றாகத் தொடங்கும் அந்த மாநிலத்தில், ஊதல் வைத்த குடை, விளக்கு எரியும் குடை என்று குழந்தைகளைக் கவரும் குடைகள் வந்தன. குடை பிடிக்க அடம்பிடிக்கும் பிள்ளை ஊதலுக்காக அதைக் கையில் எடுக்குமானால், அதுவும் ஒரு வெற்றிதான்.

மழைக்கு மட்டுமன்றி வெயிலுக்கும் குடை தேவை. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் திறனை யுபிஎஃப் என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். யுபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு மட்டுமே துணியைக் கடந்து வரும். இருப்பினும் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் கதிர்கள் பக்கவாட்டில் வந்துசேரும். ஆகவே குடை இருக்கிறது என்று நண்பகல் வெயிலில் நெடுநேரம் நிற்பது சரியாகாது.

இத்தனை குடைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தடி ஊன்றியவர், உயரமானவர், குடை உடைந்து எரிச்சலடைந்த மாணவர் ஆகியோர் தங்களுக்கு நேர்ந்த சிறு தொல்லையை அலட்சியம் செய்யவில்லை. 'இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்டார்கள்.

நம் வீடுகளிலும் இப்படிக் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உடைந்த குடையைப் பிரித்துக் கூடத்தில் கம்பிகளைப் பரப்பி வைத்திருக்கும் மகனைப் பார்த்து, 'படிக்கிற வேலையைப் பார்' என்று அதட்டத் தோன்றும். அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் அருகில் உட்கார்ந்து, என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்த முறை காற்றில் குடை மலர்ந்தால், உடனே குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள். எந்தக் கம்பி, எந்த இடத்தில், ஏன் முறிந்தது என்று பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். அடுத்த நல்ல குடை நம் வீட்டுக் கூடத்திலிருந்தும் பிறக்கலாம் அல்லவா?