சோர்வு வேறு, சோம்பல் வேறு
(சிங்கப்பூர், சிராங்கூன் சாலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நாம் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உழைப்பவனுக்கு உடம்புதானே மூலதனம்!

நமது கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சிறு சுரப்பி உண்டு. அதன் பெயர் தைராய்டு. அதில் ஊறும் சுரப்பு நீர்தான் உடம்பு இயங்கும் வேகத்தை நிர்ணயிக்கிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படை, சிலருக்கு இந்தச் சுரப்பியையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. திருடனைப் பிடிக்க வைத்த காவற்காரன் வீட்டுக்காரனை அடித்த கதைதான்!

இது இரு வகையில் வரும். சுரப்பி மெல்ல அழிந்து சுரப்புக் குறைவது ஒன்று. 1912-ம் ஆண்டில் ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ இதை விவரித்தார். அசதி, உடல் பருத்தல், மலச்சிக்கல், முடி உதிர்தல், மறதி, மன வாட்டம் இதன் குறிகள். சுரப்பு மிகுவது மற்றொன்று. 1835-ல் டப்ளின் நகரத்து டாக்டர் கிரேவ்ஸ் இதைப் பற்றி எழுதினார். படபடப்பு, கை நடுக்கம், மிகுந்த வியர்வை, உடல் மெலிவு, சிலருக்குக் கண் பிதுங்குதல் இதன் குறிகள். இரண்டும் பெண்களையே அதிகம் பிடிக்கின்றன.

தோழர்களே! பால் வெட்டப் போன பெண் பத்து மரத்திலேயே இளைத்து நிற்கிறாள். கணக்கெழுதும் கிராணிக்குக் கூட்டல் தவறுகிறது. காயமில்லை, காய்ச்சலில்லை. ஆகவே வேலையிடத்தில் 'சோம்பேறி' என்று பெயர். வீட்டிலோ ஓயாத ஏச்சு. நோய் ஒரு பங்கு, பழிச்சொல் ஒரு பங்கு!

இங்கே தேக்காவுக்கு அருகிலுள்ள கே.கே. மருத்துவமனையை அறியாதார் யார்? பிள்ளை பெற்ற ஓராண்டுக்குள்ளும் இந்தச் சுரப்பி கெடுவதுண்டு. அந்த அசதியைப் 'பிள்ளை பெற்ற உடம்பு' என்று தள்ளிவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை செய்தால் உண்மை தெரியும்.

சுரப்புக் குறைந்தவர்களுக்குத் தைராக்சின் மாத்திரை உண்டு. விடியலில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். கோப்பியும் பசியாறலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உடம்பு தேறியதும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. சுரப்பு மிகுந்து கார்பிமசோல் சாப்பிடுகிறவர்கள், காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். கிரேவ்ஸ் நோயுள்ளவர்கள் சிகரெட்டை விட வேண்டும். கண்ணுக்கு அது பெரும் பகை.

இரத்தக் கணக்கு சரியான பின்பும் சிலருக்குச் சோர்வு நீங்குவதில்லை. இதை உணர்ந்த டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள், சோர்வு, மறதி, கவலை, தோற்றம், அன்றாட வாழ்வு என்று 13 பிரிவுகளில் நோயாளியையே கேட்டறியும் 'தைப்ரோ' என்ற கேள்வித்தாளை வகுத்தார்கள். நோயாளியின் வாய்ச்சொல்லும் ஒரு சாட்சி என்று மருத்துவமே ஒப்புக்கொண்ட பிறகு, மேலாளர்கள் மறுப்பது நியாயமா?

உரிமையையும் அறிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். அக்கரையில் மலேசியாவின் 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குட்பட்ட சேவைக்கு 14 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். டாக்டர் சீட்டை வாங்கி, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். தகராறு வந்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

பக்கத்து நிரையில் பால் வெட்டும் சகோதரி தளர்ந்து நின்றால், ஏசுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இரத்தம் சோதித்தாயா, அம்மா?"