செங்கல் மனையும் அதன் தலைவரும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது நம்மவர் பழமொழி. மனை எடுத்தோர் படும் பாட்டினை இவ்வவையில் அறியாதார் இலர். இன்று யான் சொல்லப் புகுவது, கடல் கடந்த நாட்டில், ஒரு குன்றின் உச்சியில், கட்டியும் இடித்தும் மீண்டுங் கட்டியும் நாற்பதாண்டுகளில் முடிக்கப்பெற்ற ஒரு செங்கல் மனையின் வரலாறாகும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்திலே, சார்லட்ஸ்வில் என்னும் ஊரின் அருகே உள்ளது அம்மனை. மாண்டிசெல்லோ என்பது அதன் பெயர். இத்தாலிய மொழியிற் சிறுகுன்றம் என்று பொருள்படும். அதன் தலைவர் தாமஸ் ஜெபர்சன். 1776-இல் மாந்தர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவரும், 1801 முதல் 1809 வரை அந்நாட்டின் மூன்றாம் ஜனாதிபதியாக விளங்கியவரும் அவரே.

தந்தையார் வைத்துச்சென்ற நிலத்தில், 1768-இல் குன்றின் தலையைச் சமன்செய்யத் தொடங்கினார். சிற்பம் அவருக்கு ஆசிரியர் கற்பித்ததன்று. பல்லாதியோ என்னும் இத்தாலியச் சிற்பியின் நூலைப் பயின்று தாமே கற்றுக்கொண்டது. அந்நாளில் வர்ஜீனியர் வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. செங்கல் வீடு ஈரம் தங்கி நோய் தரும் என்று அஞ்சினர் பலர். அவ்வச்சம் பொருளற்றது என்று ஜெபர்சன் தம் நூலொன்றிற் காரணங்காட்டி மறுத்துள்ளார். அவர் மனைக்கு வேண்டிய செங்கல் அங்கேயே அறுத்துச் சுடப்பட்டது. 65 அடி ஆழம் கிணறு வெட்டினார். எனினும் அது வற்றுவது வழக்கமாயிற்று. மலையுச்சியில் மனை கோலுவார்க்கு நேரும் துன்பம் இது.

1772-இல் மணம் புரிந்து, ஒற்றையறைச் சிறு கட்டடமொன்றிலேயே மனைவியாருடன் குடிபுகுந்தார். அவ்வம்மையார் 1782-இற் காலமாயினார். பின்னர்ப் பிரான்சு தேசத்தில் ஐந்தாண்டு தூதராயிருந்து, ஆங்குள்ள மாளிகைகளைக் கண்டு மகிழ்ந்து மீண்டவருக்குப் பழைய வீடு பிடிக்கவில்லை. 1796 முதல் அதன் ஒரு பகுதியை இடித்துப் பெருக்கி, குவிமாடமும் எடுத்தார். பணி முடிய 1809 ஆயிற்று. முன்கூடத்தில் அவர் அமைத்த கடிகாரம் ஒன்றுண்டு. சுவரோரம் இறங்கும் இரும்புக் குண்டுகள் கிழமையைக் காட்டும். கூடத்தின் உயரம் போதாமையால் தளத்தைத் துளைத்துக் குண்டுகளைக் கீழே இறக்கினர். ஆகவே சனிக்கிழமை நிலவறைக்குள் போயிற்று! பேரறிஞர் கணக்கும் இவ்வாறு இடிப்பதுண்டு.

அன்பர்களே! அக்குன்றைச் சமன்செய்தவர், மண் சுமந்தவர், மரம் இழைத்தவர் யாவர்? கூலிக்கு வந்த தொழிலாளர் சிலர், அடிமைகள் பலர். சமத்துவம் எழுதிய அதே கை தன் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதரை உடைமையாக ஆண்டது. 1794-இல் அங்கே ஓர் ஆணிப் பட்டறை ஏற்பட்டது. பத்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள அடிமைச் சிறுவர் ஆங்கே நாள் முழுதும் ஆணி அடித்தனர். அவர்தம் கல்வியையும் அறிவையும் யான் மதிக்கின்றேன். இதனை மட்டும் காலத்தின் குற்றமென்று தள்ளிவிட என் மனம் ஒருப்படவில்லை. அடிமை முறை தீதென்று அவரே எழுதியிருக்கின்றார்.

இனிக் கடனைப் பற்றி. மாமனார் 1773-இல் இறந்தபோது நிலமும் 135 அடிமைகளும் வந்தன. அவற்றுடன் இங்கிலாந்து வணிகர்க்குச் செலுத்தவேண்டிய கடனும் வந்தது. மனைப்பணியும் விருந்தோம்பலும் நூல் வாங்குதலும் குறையவில்லை. 1815-இல் தம் 6,487 நூல்களை அந்நாட்டுக் காங்கிரஸ் சபைக்கு 23,950 டாலருக்கு விற்றார். விற்ற பின்னும் நூல் வாங்கினார். நண்பர் ஒருவருக்கு 20,000 டாலருக்குப் பிணை நின்றார். 1819-இல் அந்நண்பர் நொடித்துப்போக, அச்சுமையும் அவர் தலைமேல் விழுந்தது. 1826 ஜூலை 4-ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, அவர் உயிர் நீத்தார். நின்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

விருப்ப ஆவணத்தால் விடுதலை பெற்ற அடிமைகள் ஐவரே. அவருள் இருவர் அவர்தம் சொந்த மக்களே என்று இக்கால ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் துணிந்துள்ளனர். ஏனையோருள் 130 பேரை விற்பதாக விளம்பரம் செய்து, 1827 ஜனவரியில் அம்மனையிலேயே ஏலம் நடத்தினர். மேசை நாற்காலிகளும் உடன் விலைபோயின. ஐவருள் ஒருவனாகிய ஜோசப் பாசெட் என்னும் கொல்லன் நின்று பார்த்திருக்க, அவன் மனைவியும் மக்களும் வெவ்வேறு கைக்கு விலையாயினர். ஜெபர்சன் மனையில் பிரெஞ்சு முறையில் உணவு சமைத்துப் புகழ்பெற்றவள் அம்மனைவி. பின்னர் அவன் பாடுபட்டு அவளையும் மக்கள் சிலரையும் மீட்டான். பதினொரு வயது மகன் பீட்டரை மட்டும் வாங்கியவர் விற்க மறுத்துவிட்டார்.

மனையும் 1831-இல் மகளார் கையை விட்டுப்போயிற்று. 1834-இல் யூரியா லீவை என்னும் யூதக் கடற்படை அதிகாரி அதனை விலைக்குக் கொண்டார். அவரும் அவர் உடன்பிறந்தார் மகனாரும் இன்றேல் அம்மனை பாழாயிருக்கும். 1923 முதல் ஓர் அறநிலையம் அதனைக் காத்து வருகின்றது. 1987-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சிறுவன் பீட்டர் எழுத்தறிந்தான். இரு முறை தப்பியோடிப் பிடிபட்டான். 1850-ஐ ஒட்டி விடுதலை பெற்று, சின்சினாட்டி நகரிற் சமையல் தொழில் நடத்தி, திருச்சபைப் போதகராகவும் உயர்ந்தார். முதுமையில், பிறந்த இடத்தை ஒருமுறை காணவேண்டுமென்று விரும்பினார். சபையார் வழிச்செலவுக்குப் பொருள் திரட்டித் தந்தனர். 1900-ஆம் ஆண்டில், தாம் விலைபோன அக்குன்றின்மேல் அவர் மீண்டும் ஏறினார்.