கசகசா வயலும் வெள்ளை மாளிகையும்

போதைப்பொருள் கொள்கையும் வெளியுறவும் பற்றிய இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கும் பொறுப்பில், அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் ஆட்சியை முன்வைத்து ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆட்சியில் உருப்படியாக நடந்தது, போதைக்கு அடிமையானோருக்கு உள்நாட்டில் அளித்த சிகிச்சைதான். பிற நாடுகளை நெருக்கிப் பெற்ற பலன்கள் நிலைக்கவில்லை. உறவுகள் மட்டும் புண்பட்டன.

சட்டம் ஒழுங்கைக் காப்போம் என்று வாக்குக் கேட்டு வந்த குடியரசுக் கட்சி ஆட்சி, 1969 செப்டம்பர் 21 அன்று மெக்சிகோ எல்லையில் கஞ்சாக் கடத்தலைத் தடுக்க ‘இடைமறிப்பு நடவடிக்கை’யைத் தொடங்கியது. கார் கதவு, இருக்கை, பின்பெட்டி என்று ஒவ்வொரு வண்டியையும் துழாவினார்கள். வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன; அன்றாடம் எல்லை தாண்டி வேலைக்குப் போனவர்கள் தவித்தார்கள்; எல்லையோர ஊர்களில் வியாபாரம் படுத்தது. பிடிபட்ட கஞ்சாவோ சொற்பம். மெக்சிகோ அதிபர் தியாஸ் ஓர்தாஸ் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். ஏறக்குறைய 3 வாரங்களில் ‘ஒத்துழைப்பு நடவடிக்கை’ என்று பெயரை மாற்றிச் சோதனையைத் தளர்த்தினார்கள். மெக்சிகோவை இணங்கவைத்ததே வெற்றி என்று வாதிடுவோர் உண்டு. இணக்கம் கிடைத்தது உண்மை. ஆனால் சில ஆண்டுகளிலேயே அமெரிக்கச் சந்தைக்கு ஹெராயின் வந்து குவிந்ததும் அதே மெக்சிகோவிலிருந்துதான்.

மெக்சிகோ ஹெராயினுக்கு அமெரிக்கச் சந்தையில் இடம் காலியானதற்குக் காரணம் துருக்கி. 1971 ஜூனில் அங்கே பிரதமர் நிஹாத் எரிமின் அரசு, அமெரிக்க நெருக்குதலுக்கு இணங்கி, சுமார் 3.5 கோடி டாலர் உதவியை நம்பிக் கசகசா சாகுபடிக்குத் தடை அறிவித்தது. அந்தச் செடி அபினுக்காக மட்டும் வளர்க்கப்பட்டதல்ல. விதையிலிருந்து சமையல் எண்ணெய், பிண்ணாக்கு மாட்டுக்கு, காய்ந்த தண்டு அடுப்புக்கு என்று அனதோலிய உழவர் வீட்டின் பாதித் தேவை அதில் அடங்கியிருந்தது. தடைக்குப் பின் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹெராயின் தட்டுப்பாடு வந்ததை மறுக்க முடியாது; அதில் பிரெஞ்சுக் காவல்துறையோடு சேர்ந்து மர்சேயில் அபினை ஹெராயினாக்கிய ஆய்வுக்கூடங்களை மூடியதற்கும் பங்குண்டு. ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப மெக்சிகோச் சரக்குக்கு நெடுநாள் பிடிக்கவில்லை. 1974 ஜூலையில் துருக்கிப் பிரதமர் எஜெவித்தின் அரசு தடையை நீக்கியது. வாஷிங்டன் கொதித்தது, சைப்ரஸ் போரும் சேர்ந்துகொள்ள, உறவு கசந்தது. ஆனால் பிரச்சினை தீர்ந்தது அதற்குப் பிறகுதான். காயைக் கீறி அபின் பால் எடுக்காமல் அப்படியே காயவைத்து, உரிமம் பெற்ற உழவரிடமிருந்து அரசே வாங்கும் முறையைத் துருக்கி கொண்டுவந்தது. கள்ளச் சந்தைக்குக் கசிவது ஏறக்குறைய நின்றேபோனது. தடையால் ஆகாததை உரிமம் செய்தது என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

இனி உள்நாட்டுக்கு வருவோம். 1971-இல் போதையைப் பொது எதிரி என்று அறிவித்த அதே நிக்சன்தான் ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பில் அமர்த்தி, ஹெராயினுக்கு அடிமையானோருக்கான மெத்தடோன் சிகிச்சையை நாடெங்கும் விரித்தார். சொந்தப் பயனுக்குக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று, கஞ்சா பற்றி ஆராய்ந்த ஷேஃபர் ஆணையம் 1972-இல் பரிந்துரைத்தபோது அதைத் தள்ளியவரும் அவரே. பழமைவாத ஆட்சி என்ற ஒற்றை முத்திரை இவ்விரண்டையும் விளக்காது.

உரிமச் சாகுபடிக்குத் திரும்புவோம். 1981-இல் அமெரிக்கா, மருந்துக்கான அபின் மூலப்பொருளில் குறைந்தது 80 விழுக்காட்டை இந்தியாவிடமும் துருக்கியிடமுமே வாங்குவதென விதி வகுத்தது. துருக்கி கீறுவதை விட்டது. இந்தியாவின் நீமச், காஜிப்பூர் அபின் ஆலைகளுக்கோ கீறி எடுத்த பாலே தொடர்ந்து வந்தது. ஏன் என்ற கேள்வியோடு இந்தியா பற்றிய முதல் அமர்வைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.