வரிசையில் முன்னே வந்தவர்

பெத்சதா குளத்தருகே கிடந்தவர் 38 ஆண்டுகளாய் நோயுற்றவர். தன்னை இறக்கிவிட ஆளில்லை, அதற்குள் வேறொருவர் முந்திவிடுகிறார் என்பதே அவர் இயேசுவிடம் சொன்ன குறை.

நெல்லைப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு நீண்ட வரிசை. காதைப் பொத்தி அழுத மகனோடு ஒரு தாய் முன்னே வந்தார். "இவனுக்கு ஆட்டிசம் அண்ணாச்சி. காத்து நிக்க முடியாது, கொஞ்சம் முன்னாடி விடுங்க."

"கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்றது ஒரு குரல். தாய் கூனிக்குறுகி அடையாள அட்டையை நீட்டினார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று, பார்த்தால் தெரியாதுதான். இயேசு அந்த நோயாளியிடம் சான்று கேட்கவில்லை. நலம்பெற விருப்பமா என்றுதான் கேட்டார்.

குருவானவரான நானும் அந்த வரிசையில் நின்றேன், வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டிதான், "ஏத்திவிடுங்கய்யா, நாங்க நிக்கோம்" என்றார்.